ஒற்றை இழுப்பு: மேசை மில்லிங் மிஷினுக்கு எண்ணெய் ஊட்டுதல் பற்றிய ஆய்வு

பாயிரம்

நூல் செய்யப் புகுவோன் ஆக்கியோன் பெயர், வழி, எல்லை முதலான எட்டையும் பாயிரத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்பது பழைய விதி. மீறுவானேன்? ஆக்கியோன், கோவை கணபதியில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுப் பட்டறை நடத்துபவன். பெயர் அவையடக்கம் கருதி விடப்பட்டது. வழி, கெடுத்துப் பின் திருத்தும் வழி. எல்லை, வடக்கே பெஞ்சு கிரைண்டர், தெற்கே துவைகல், இடைப்பட்ட 12 அடி. காலம், வாரத்தில் ஆறு நாள் பிழைப்புக்கு. ஞாயிற்றுக்கிழமை என் சொந்த ஆசைக்கு. கேட்போர், பட்டறைப் பையன் ஒருவன். அவனும் காதில் ஹெட்போன் மாட்டியிருப்பவன். பயன் என்னவென்று வீட்டிலும் கேட்டார்கள்.

நுதலிய பொருளாவது: மேசைமேல் வைக்கத்தக்க சிறு மில்லிங் மிஷினுக்கு, ஒரு கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் உராயும் இடமெல்லாம் எண்ணெய் போய்ச் சேரும்படி ஓர் ஏற்பாடு செய்தல். பெரிய மிஷின்களில் இது கம்பெனியிலிருந்தே வரும். சின்ன மிஷினை வாங்குகிறவன் ஏழை. ஏழைக்கு எண்ணெய்க் கேன் போதும் என்று செய்தவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

சொல்லாராய்ச்சி

எள்ளும் நெய்யும் புணர்ந்து எண்ணெய் ஆயிற்று. ஆகவே எண்ணெய் என்றால் நல்லெண்ணெய் ஒன்றே. தேங்காயெண்ணெய் என்று சொல்லும்போதே தேங்காய்க்குள் எள்ளைப் புகுத்திவிடுகிறோம். அப்படியிருக்க, மண்ணுக்கடியிலிருந்து எடுத்து, பசைத்தன்மை சேர்த்து, டப்பாவில் அடைத்து விற்கும் ஸ்லைடுவே ஆயிலையும் எண்ணெய் என்பது ஆகுபெயரா, வழுவமைதியா? கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பையனை நிறுத்தி இதைக் கேட்டேன். "ஒரு லிட்டருங்களா, அஞ்சு லிட்டருங்ளாண்ணா?" என்றான். இக்கேள்விக்கு இலக்கண நூல்களில் விடை இல்லை.

டப்பாவின்மேல் இருக்கும் 68 என்ற எண்ணுக்கு மட்டும் உரை தேவை. விலை என்று மயங்குவாரும் உளர். 40 டிகிரி சூட்டில் அந்த எண்ணெயின் குழகுழப்பு 68 சென்டிஸ்டோக் என்பது அதன் பொருள். அதே சூட்டில் தண்ணீரைவிட ஏறத்தாழ 100 மடங்கு கெட்டி. சுவரில் ஊற்றினால் வழியத் தயங்கும். அந்தத் தயக்கத்துக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

முன்னோர் ஒழுக்கம்

எகிப்தில் தெய்ர் எல் பெர்ஷா என்னும் இடத்தில், ஜெஹுதிஹோதெப் என்ற ஆளுநரின் கல்லறைச் சுவரில் ஓர் ஓவியம் உண்டு. வயது ஏறத்தாழ 3900 ஆண்டு. மாபெரும் சிலை ஒன்றைச் சறுக்குக்கட்டைமேல் ஏற்றிக் கயிறு கட்டி 170 பேர் இழுக்கிறார்கள். சிலையின் காலடியில் நிற்கும் ஒருவன் மட்டும் குடத்திலிருந்து எதையோ தரையில் ஊற்றுகிறான். எண்ணெயா, தண்ணீரா, சடங்கா என்று அறிஞர் பிணங்குவர். பாலை மணலை அளவாக நனைத்தால் இழுக்கும் விசை பாதியாகிவிடும் என்று ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலார் 2014இல் செய்து காட்டினார்கள். என் கண்ணில் படுவது வேறு. ஊற்றுவதற்கென்றே ஓர் ஆளை நியமித்திருக்கிறார்கள். அவன் கையில் கயிறு இல்லை. மேஸ்திரி விவரமானவர்.

நம் பக்கத்துச் சான்று இவ்வளவு பெருமைக்குரியதாக இல்லை. உப்பு வணிகர் வண்டிக்கடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டி எடுத்துப்போன செய்தி புறநானூற்றில் ஔவையார் பாட்டில் வருகிறது. உரைகாரர்கள் இதை முன்யோசனைக்கு எடுத்துக்காட்டு என்பர். பட்டறைக்காரன் அப்படிப் படிக்க முடியாது. மாற்று அச்சைத் தூக்கிக்கொண்டு போகிறவன், இருக்கிற அச்சுக்கு மசகு போடாதவனாக இருக்கக்கூடும் என்பது என் பாடம். பின்னாளில் மாட்டுவண்டிக்காரர்கள் வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மையாக்கி, மூங்கில் குழாயில் அடைத்து வண்டியிலேயே தொங்கவிட்டார்கள். அச்சுக்குப் பக்கத்திலேயே எண்ணெய் என்ற கொள்கை அங்கே பிறந்துவிட்டது. கைப்பிடிதான் பாக்கி.

இங்கிலாந்தில் 1883இல் போஷாம்ப் டவர் என்பவர் ரயில் அச்சு தாங்கிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் துளை போட்டார். ஓடவிட்டதும் அந்தத் துளை வழியாக எண்ணெய் உள்ளே போகாமல் மேலே பொங்கி வந்தது. தக்கை வைத்து அடைத்தார். தக்கை வெளியே வந்தது. மரமுளை அடித்தார், மரமுளையும் வந்தது. கடைசியில் அழுத்தமானியைப் பொருத்தினால், அது காட்டக்கூடிய சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டையும் முள் தாண்டிவிட்டது. சுழலும் தண்டே எண்ணெயை இழுத்துத் தனக்கடியில் மெத்தையாகப் போட்டுக்கொள்கிறது என்று தெரிந்தது. ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1886இல் அதற்குக் கணக்கு எழுதினார். முளை தெறித்ததைச் சலிப்பாக எடுத்துக்கொள்ளாமல் சேதியாக எடுத்துக்கொண்டதுதான் டவர் செய்த காரியம். என் பட்டறையிலும் பல முளைகள் தெறித்திருக்கின்றன. நான் பெரிய முளை தேடிப் போனவன்.

இத்துறைக்கு டிரைபாலஜி என்று பெயர் வழங்கியது 1966இல்தான். பிரிட்டிஷ் அரசுக்காகப் பீட்டர் ஜோஸ்ட் தலைமையில் அமைந்த குழு, உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்காகக் கவனித்தால் நாட்டுக்கு ஆண்டுக்கு 51.5 கோடி பவுன் மிச்சமாகும் என்று கணக்குக் கொடுத்தது. அவர்கள் கணக்கில் என் பையன் இல்லை.

ஊடல்

மில்லிங் மிஷினின் டேபிள் இடவலமாகவும், அதைச் சுமக்கும் சேடில் முன்பின்னாகவும், வெட்டும் ஹெட் தூணில் மேல்கீழாகவும் நகரும். மூன்றும் டவ்டெயில் பள்ளத்தில் இரும்பின்மேல் இரும்பாக வழுக்குபவை. இடையே இருக்க வேண்டியது சில மைக்ரான் எண்ணெய்ப் படலம்.

அது வற்றினால் நேர்வது என்ன? கை வீலை 0.02 மில்லிமீட்டர் திருப்புகிறேன். டேபிள் அசையவில்லை. இன்னொரு 0.02. அசையவில்லை. மூன்றாவது 0.02க்கு 'டக்' என்று மூன்றையும் சேர்த்து ஒரே தாவல். நிற்கும் இரும்பை நகர்த்தத் தேவைப்படும் விசை, நகரும் இரும்பை நகர்த்துவதற்கானதைவிட அதிகம். அதுவரை லீட் ஸ்குரூ ஸ்பிரிங் மாதிரி முறுக்கேறிக்கொண்டிருந்து, பிடி விட்டதும் மொத்தமாகத் தள்ளிவிடுகிறது. ஆங்கிலத்தில் இதற்கு ஸ்டிக் ஸ்லிப் என்று பெயர். நமக்குப் புதிதா? கெஞ்சும்போது முகம் திருப்பி, எதிர்பாராத நேரத்தில் ஒரேயடியாக மனம் மாறுவது மருதத்திணையின் ஊடலே. ஊடல் முற்றினால் துனி. அதாவது ஸ்லைடு சிராய்த்துக் கோடு விழுந்துவிடும். அதன் பிறகு வாயில் வேண்டிப் பாணனை அனுப்பிப் பயனில்லை. ஸ்கிரேப்பிங் தெரிந்த பழைய ஃபிட்டரைத்தான் கூப்பிட வேண்டும், அவரும் இப்போது பேரன் கல்யாணத்தில் மும்முரமாக இருக்கிறார்.

வேகம் கூடக் கூட உராய்வு முதலில் இறங்கிப் பிறகு ஏறும் என்பதை 1902இல் ஸ்ட்ரிபெக் என்ற ஜெர்மானியர் வளைகோடாகக் காட்டினார். டவரின் ரயில் அச்சு அந்தக் கோட்டின் வசதியான பக்கத்தில் ஓடியது. தன் மெத்தையைத் தானே போட்டுக்கொண்டது. நம் டேபிளோ நத்தை. மெத்தை போடும் அளவுக்கு அதற்கு வேகம் ஒருநாளும் வராது. ஆகவே வெளியிலிருந்து ஒருவர் ஊட்டித்தான் தீர வேண்டும்.

களஆய்வு

முறை, உடனிருந்து உற்றுநோக்கல். மாதிரி அளவு, ஒன்று.

"எண்ணெய் போட்டியா?"

"போட்டனுங்ண்ணா."

"எப்ப?"

"அன்னிக்குப் போட்டனுங்க."

'அன்று' என்பது சேய்மைச் சுட்டு. எவ்வளவு சேய்மை என்பதற்கு வரம்பில்லை. மிஷினில் ஏற்கெனவே இரண்டு இடத்தில் குண்டுமணி போன்ற பால் ஆயிலர்கள் இருந்தன. கேன் மூக்கால் குண்டை அழுத்தினால் எண்ணெய் இறங்க வேண்டும். ஒன்று இறங்கியது. மற்றொன்றைக் கூர்ந்து நோக்கியதில் அதன்மேல் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து, அதன்மேல் குங்குமமும் உறைந்து, குண்டு நிரந்தரமாக மூடப்பட்டிருந்தது தெரியவந்தது. வைத்தது யார் என்ற விசாரணையைத் தொடங்கி, கைரேகை என்னுடையதாக இருக்கலாம் என்று தோன்றியதும் முடித்துக்கொண்டேன்.

அஃதேல், பிரஷ்ஷில் தொட்டு ஸ்லைடின்மேல் தடவினால் போதாதோ எனின், போதாது. என்னை? வெளியே தெரியும் இடத்தில் தடவும் எண்ணெய், அங்கே கிடக்கும் இரும்புத் தூளையும் சேர்த்துக்கொண்டுதான் உள்ளே போகும். எண்ணெயும் வார்ப்பிரும்புத் தூளும் குழைந்தால் அது மசகன்று, அரைப்புச் சாந்து. பம்பின் எண்ணெயோ நடுவிலிருந்து புறப்பட்டு விளிம்பை நோக்கி வருவது. வரும் வழியில் அழுக்கை வெளியே தள்ளிக்கொண்டு வரும். கிரீஸ் வைத்தால் என்ன என்பாருக்கும் விடை இதுவே, சீவல் கிரீஸில் குடியேறிவிடும். ஸ்கூட்டருக்கு வாங்கிய என்ஜின் ஆயில் மிச்சமிருக்கிறதே என்பாருக்கு: அந்த எண்ணெய் அழுக்கைக் கீழே விடாமல் தன்னிலேயே ஏந்தி வைத்திருக்கச் செய்யப்பட்டது. என்ஜினில் அது குணம், ஏனெனில் அங்கே ஃபில்டர் உண்டு. ஸ்லைடில் அதுவே குற்றம். தேங்காயெண்ணெய் விட்டுப் பிசினாகிப்போன தையல் மிஷின் எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கும், ஆகையால் அதற்குத் தனியே மறுப்பு எழுதவில்லை.

அறுவை

1920களின் அமெரிக்கக் கார்களிலேயே, ஓட்டுநர் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு குமிழை இழுத்தால் அடிச்சட்டத்து மூட்டெல்லாம் எண்ணெய் பெறும் ஏற்பாடு வந்துவிட்டது. ஜோசப் பிஜூர் என்பவர் செய்தது. பழைய ரோல்ஸ் ராய்ஸ்களில் இதையே காலால் மிதிக்கும்படி வைத்தார்கள்; பிரபுக்கள் குனிய மாட்டார்கள் அல்லவா. மில்லிங் மிஷின்களுக்கும் அது வந்து சேர்ந்து 'ஒன் ஷாட்' என்று பெயர் பெற்றது. வேண்டிய சாமான் கொஞ்சம்தான்: எண்ணெய்த் தொட்டியோடு கூடிய கைப்பம்பு, 4 மில்லிமீட்டர் நைலான் ட்யூப், பிரித்துவிடும் பித்தளைக் கட்டை, நிப்பிள்கள். நாடெங்கும் கிணற்றுக்குப் பம்பு செய்து அனுப்பும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, உள்ளங்கை அகலத்துப் பம்பு ஒன்றுக்குக் கூரியரை எதிர்பார்த்து வாசலில் நின்றேன். காத்திருத்தல் முல்லைக்குரியது. ஊடலுக்குப் பின் இருத்தல் வருவது திணைமயக்கம்.

உராயும் இடங்கள் ஒன்பது. ஒவ்வொரு நகர்வுக்கும் டவ்டெயிலின் இரு பக்கம், லீட் ஸ்குரூ நட்டு ஒன்று, மும்மூன்று ஒன்பது.

டேபிளைக் கழற்றி, சேடிலைக் கவிழ்த்து வைத்ததும் முதல் தத்துவச் சிக்கல் எழுந்தது. எண்ணெய் ஓடும் கால்வாயை நீளமான டேபிளில் வெட்டுவதா, குட்டையான சேடிலிலா? டேபிளில் வெட்டினால் அது நகரும்போது கால்வாய் வெளியே தலைநீட்டும். சீவல் போய் அமரும். சேடிலில் வெட்டினால் எப்போதும் மூடியே இருக்கும். ஆகவே சேடிலில். கால்வாயை வளைந்து வளைந்து இழுக்கலாம், ஆழம் ஒரு மில்லிமீட்டர் போதும், ஆனால் விளிம்புக்குச் சில மில்லிமீட்டர் முன்பே நிறுத்திவிட வேண்டும். விளிம்பு வரை வெட்டியவன் ஏரிக்கரையை உடைத்தவனாவான். பையன் கை கிரைண்டரைப் பிடித்து இழுத்த கோடுகள் என் கோடுகளைவிட அழகாக இருந்தன. இதைப் பதிவு செய்ய எனக்கு இஷ்டமில்லை, ஆய்வு நேர்மை கட்டாயப்படுத்துகிறது.

அடுத்து, சேடிலின் பக்கவாட்டிலிருந்து ஒரு துளை. கால்வாயிலிருந்து கீழே ஒரு துளை. இரண்டும் இரும்புக்குள் இருட்டில் சந்திக்க வேண்டும். வெளியே அளந்து, உள்ளே நம்பி டிரில் இறக்கினேன். மூன்று சந்திப்புகள் நடந்தன, ஒன்று தவறியது. தவறியதை மேலும் அரை மில்லிமீட்டர் சாய்த்து ஒருவாறு கூட்டி வைத்தேன். குறிஞ்சிக்குப் பாங்கன் தேவைப்படும் என்று இலக்கணமே சொல்கிறது.

ஜிப் இருக்கும் பக்கம்தான் ஆசாமிகளை ஏமாற்றும். சேடிலுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே சொருகிய அந்தப் பட்டையையும் துளைக்காவிட்டால் எண்ணெய் அதன் முதுகை மட்டும் நனைத்துவிட்டு நின்றுவிடும். அதிலும் என் மிஷினின் ஜிப் ஒருபக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்தது. தேயத் தேய உள்ளே தள்ளி இறுக்குவது. இன்று நேராக இருக்கும் துளை, நாலு தடவை இறுக்கினால் விலகிப்போகும். ஆகவே வட்டத்துளை போடாமல் நீளத்துளையாக வெட்டினேன். இக்கட்டுரையில் நான் பெருமைப்படக்கூடிய வாக்கியம் இதுதான்.

டேப் போட்ட கதையையும் சொல்ல வேண்டும். நிப்பிளின் மரை எம் 8, பிட்ச் ஒரு மில்லிமீட்டர். கடையில் வெறுமனே எம் 8 என்று கேட்டால் 1.25 பிட்ச் டேப்தான் தருவார்கள். அதுதான் ஊர் வழக்கு. இரண்டு சுற்று வரை நிப்பிள் அன்பாக ஏறும். மூன்றாவது சுற்றில் உறவு கசக்கும். முதல் துளை இப்படிப் போயிற்று. இன்றும் அதில் ஒரு போல்ட் அலங்காரமாக நிற்கிறது.

தூணில் ஏறி இறங்கும் ஹெட்டுக்கு எண்ணெயை உச்சியில் விட்டால் போதும், கீழே வருவதை அது தானே பார்த்துக்கொள்ளும்.

பங்கீடு

ஒன்பது வாய்களுக்கு ஒரு பம்பு. எண்ணெய் எங்கே போகும்? ரத்தம் நுண்குழாயில் ஓடுவதை ஆராய்ந்த புவாசேய் என்ற பிரெஞ்சு மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விடை சொல்லிவிட்டார். குழாயில் ஓடும் அளவு அதன் உள் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. நீளம் கூடக் கூடக் குறைவது. 2.5 மில்லிமீட்டர் உள்விட்ட ட்யூபுக்குப் பதில் 4 மில்லிமீட்டர் போட்டால் ஒன்றரை மடங்குதானே கூடும் என்று நினைப்போம். ஆறரை மடங்கு கூடும். ஆகவே பக்கத்தில் இருப்பவன், வாய் அகன்றவன், எதிர்ப்பில்லாதவன் மொத்தத்தையும் குடித்துவிடுவான். தூரத்தில் இருப்பவனுக்கு ஏப்பம். தாலுகா ஆபீஸில் மனுக் கொடுத்து நின்றவர்களுக்கு இந்த விதியை நிறுவிக்காட்டத் தேவையில்லை.

இதற்காகத்தான் ஒவ்வொரு வாயிலும் ஊசித்துளை கொண்ட மீட்டர் நிப்பிள் போடுவது. எல்லாருக்கும் ஒரே அளவு பெரிய தடை வைத்துவிட்டால், ட்யூபின் நீளத்தால் வரும் சின்னத் தடை கணக்கில் வராமல் போகும். சிக்கனம் கருதி நான் முதலில் வெறும் நிப்பிள்களைப் போட்டேன். நட்டுகள் மூன்றும் குளித்தன. டேபிளின் இடப்பக்கம் வறண்டே கிடந்தது. மீட்டர் நிப்பிளுக்கு மறுபடி கூரியர், மறுபடி முல்லை.

செலவு

கூறாமல் விடப்படுகிறது. இவ்விதழ் எங்கள் வீட்டுக்கும் வரும்.

முதல் இழுப்பு

பிசிறெல்லாம் தேய்த்து, டீசலில் கழுவி, காற்றடித்து, பூட்டி முடிக்க மூன்று வாரம். கைப்பிடியை இழுத்தேன். உள்ளே ஸ்பிரிங் இறுகி, பிறகு மெள்ளத் தளர்ந்து, பிஸ்டனைத் தள்ளியது. இந்தத் தளர்வுக்குப் பொறுமை வேண்டும். கைப்பிடியை மேலே அமுக்கி அவசரப்படுத்தினால் ட்யூப் நிப்பிளிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். ட்யூபில் எண்ணெய்க்கு முன்னால் காற்றுக் குமிழிகள் ஊர்வலம் போயின. கடைசி நிப்பிளைத் தளர்த்தி, குமிழி தீரும்வரை இழுத்தோம். அதன்பின் டேபிளின் இருபுறமும் தூணின் அடியிலும் விளிம்போரமாக மெல்லிய ஈரக்கோடு எழும்பி வந்தது. முதலில் கறுப்பு. இரண்டாம் இழுப்பில் பழுப்பு. நாலாவதில் தேன் நிறம். இத்தனை வருடம் உள்ளே கிடந்தது என்ன என்று அந்தக் கறுப்பைத் துணியில் தொட்டுப் பார்த்தேன், நெறுநெறுத்தது.

கை வீலை 0.02 திருப்பினேன். டேபிள் 0.02 நகர்ந்தது. ஊடல் தீர்ந்தது.

இதில் விட்ட எண்ணெய் திரும்பி வராது. உராயும் இடம் கடந்து தட்டில் வடிந்து, வெட்டும்போது விடும் பால்போன்ற கூலண்டின்மேல் ஆடையாக மிதக்கும். நல்ல ஸ்லைடு எண்ணெய் கூலண்டோடு கலக்காமல் பிரிந்து நிற்க வேண்டும். அந்த ஆடையை அள்ளாமல் விட்டால் அதற்கடியில் காற்றில்லாத இடத்தில் பாக்டீரியா வளர்ந்து, திங்கட்கிழமை காலையில் பட்டறைக் கதவைத் திறக்கும்போது அழுகின முட்டை வாசம் வரவேற்கும். நெய்தல் திணைக்கு இரங்கல் என்று ஏன் வைத்தார்கள் என்பது அப்போது விளங்கும்.

முடிவுரை

தினம் காலையில் ஓர் இழுப்பு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஓர் இழுப்பு என்று விதித்தேன். தொட்டியின்மேல் மார்க்கரால் கோடு போட்டு, "எண்ணெய் இந்தக் கோட்டுக்குக் கீழ இறங்கக் கூடாது" என்றும் சொல்லி வைத்தேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் எண்ணெய் மிகச் சரியாகக் கோட்டிலேயே நின்றது. ஒரு சொட்டும் செலவாகவில்லை. கைப்பிடி பொருத்தினாலும் கைக்குரியவனை மாற்ற முடியாது என்ற முடிவுக்கு வந்து, அதை எழுதியும் முடித்துவிட்டுப் பையனைக் கூப்பிட்டேன்.

பிழைதிருத்தம்

எண்ணெய் கோட்டிலேயே நின்றதற்குக் காரணம், பையன் தினமும் சாயங்காலம் கோடுவரை ஊற்றி நிரப்பியதே. "இறங்கக் கூடாதுன்னு நீங்கதானுங்ளேண்ணா சொன்னீங்க." இழுத்ததற்குச் சாட்சியாகப் பம்புக்குப் பக்கத்துத் தகரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு வந்திருக்கிறான், நாளுக்கு இரண்டு, காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று. ஆறு நாளைக்குப் பன்னிரண்டு கோடு, பிறகு ஓர் இடைவெளி. மறுபடி பன்னிரண்டு, மறுபடி இடைவெளி. இடைவெளி எதற்கு என்று கேட்டேன். "அது ஞாயித்துக்கெழமைங்ண்ணா. நான் லீவுங்க."

ஆதலின் முடிவுரை நீக்கப்படுகிறது. களஆய்வுப் பகுதியில் 'மாதிரி அளவு, ஒன்று' என்றிருப்பதை 'இரண்டு' என்று திருத்தி வாசிக்கவும்.